சுண்டை வேரில் தக்காளி

1. மஞ்சப்பையில் வந்த வேர்

நாற்றுப் பண்ணைக்கு வருகிறவர்கள் பொதுவாக இலையைத்தான் கிள்ளிக்கொண்டு வருவார்கள். இலை சுருண்டிருக்கும், இல்லையென்றால் புள்ளி விழுந்திருக்கும். "இதுக்கு என்ன அடிக்க?" என்று கேட்பார்கள். செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்து நின்ற முதல் ஆள், என் வேலைக்காலத்தில், ஒச்சம்மாதான்.

செக்கானூரணிக்கு மேற்கே அவர் ஊர். ஆரப்பாளையத்தில் வந்து இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ், அப்புறம் ஷேர் ஆட்டோ என்று விசாரித்து விசாரித்து அவனியாபுரத்துக்கு வெளியே இருக்கிற எங்கள் பண்ணைக்கு வந்திருந்தார். கையில் ஒரு ஜவுளிக்கடை மஞ்சப்பை. பேச்சுக்கு முன்னால் பையைத் தரையில் கவிழ்த்தார். வாடிப்போன தக்காளிச் செடி ஒன்று விழுந்தது. வேர் முழுக்க வீக்கம். குட்டிக் குட்டி இஞ்சித் துண்டுகளை நூலில் கோத்த மாதிரி இருந்தது.

"அண்ணே, ஆளுக்கு அம்மை பாத்திருக்கேன், மாட்டுக்கு அம்மை பாத்திருக்கேன். வேருக்கு அம்மை போட்டு இப்பத்தான் பாக்குறேன். இதுக்கு எந்தச் சாமிக்குக் கூழு ஊத்துறது?"

எனக்கு ஜனங்களின் பேச்சு மேல் ஒரு கிறுக்கு உண்டு. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். விதைப் பாக்கெட்டில் இருக்கிற பொடி எழுத்தைப் படித்தும், வருகிறவர் போகிறவர் வாயைப் பார்த்தும்தான் தொழிலைக் கற்றுக்கொண்டேன். யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், நாற்றுத் தட்டில் குத்துகிற பிளாஸ்டிக் லேபிளின் பின்பக்கத்தில் அதை எழுதிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். அன்றைக்கு "வேருக்கு அம்மை" என்று எழுதினேன். அந்த லேபிள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அது வேர்முடிச்சு நூற்புழு. பண்ணையில் நெமட்டோடு என்போம். கண்ணுக்குத் தெரியாத புழு. மண்ணிலிருந்து வேருக்குள் புகுந்து ஒரே இடத்தில் உட்கார்ந்துகொண்டு உறிஞ்சும். அது உட்கார்ந்த இடம் வீங்கி முடிச்சாகும். செடிக்குத் தண்ணீரும் உரமும் ஏறாது. காலையில் தெளிவாக நிற்கிற செடி மத்தியானம் தலையைத் தொங்கப்போடும், சாயங்காலம் மறுபடி நிமிரும். விவசாயி தண்ணீர் பத்தவில்லை என்று நினைத்து இன்னும் பாய்ச்சுவார். போதாததற்கு முடிச்சு விட்ட காயத்தின் வழியாக வாடல் நோயும் உள்ளே நுழைந்துகொள்ளும். அது நுழைந்துவிட்டால் சாயங்காலம் நிமிர்வதும் நின்றுபோகும்.

இதையெல்லாம் சொன்னேன். ஒச்சம்மா வேரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"மருந்து?"

"மருந்து இருக்கு தாயி. ஆனா அம்புட்டு மண்ணையும் மருந்துல நனைக்க முடியுமா? கொஞ்சம் அடங்கும், திரும்பியும் வரும். ஒரு தடவ மண்ணுக்குள்ள வந்துருச்சுன்னா போகாது."

"அப்ப மண்ண மாத்த முடியாது. செடிய மாத்த முடியுமாண்ணே?"

நாங்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமல் அந்த அம்மா கேட்ட கேள்வி அது. அடுத்த இரண்டு வருடமும் நான் அந்தக் கேள்விக்குப் பின்னாலேயே ஓடினேன்.

2. வெயிலுக்குத் தூங்குகிற வாச்மேன்

எங்கள் முதலாளி சாந்தாராம் சௌராஷ்டிரக் குடும்பம். அவர் அப்பா காலத்தில் தறியும் சாயப்பட்டறையும். இவர் செடி வியாபாரத்துக்கு வந்துவிட்டார். நல்ல மனிதர். ஆனால் எங்களுக்குப் புரியக்கூடாத சங்கதி என்றால் போனில் சட்டென்று வீட்டுப் பாஷைக்கு மாறிவிடுவார். அவர் பாஷை மாறினாலே எங்கோ ஒரு சிக்கல் என்று எங்களுக்குத் தெரியும்.

அவர் ஒரு விதைப் பாக்கெட்டைக் காட்டினார். நெமட்டோடுக்கு எதிர்ப்புச் சக்தி உள்ள தக்காளி ரகம். காட்டுத்தக்காளி ஒன்றிலிருந்து வந்த ஒரு ஜீன் அதில் இருக்கிறது. புழு வந்து வாய் வைத்த இடத்தில் வேர் தன்னைத்தானே கருக்கிக்கொள்ளும். புழுவுக்குச் சாப்பாடு கிடைக்காது, பட்டினி கிடந்து சாகும். எனக்குக் கேட்கக் கேட்க மயிர்க்கூச்செறிந்தது. ஒச்சம்மாவுக்குப் போன் போட்டு, "தாயி, புழு கடிச்சா திருப்பிக் கடிக்கிற செடி வந்திருக்கு" என்றேன்.

அந்தக் கார்த்திகையில் நட்டார். நன்றாக வந்தது. தை கடைசியில் அதே மஞ்சப்பையில் தக்காளியோடு வந்தார். அடியில் ஒரு செடியையும் வேரோடு பிடுங்கிப் போட்டிருந்தார். வேர் சாமியார் தாடி மாதிரி வெள்ளையாக இருந்தது. ஒரு முடிச்சு இல்லை. பண்ணையில் எல்லாரும் சுற்றி நின்று அந்த வேரைப் பார்த்தோம்.

அந்தச் சந்தோஷத்தில் மாசியில் மறுபடியும் நட்டார், அதே ரகம். கோடையில் தக்காளிக்கு நல்ல விலை இருக்கும், போர்வெல்லில் தண்ணீரும் இருந்தது. பங்குனி முடிவதற்குள் போன் வந்தது.

"அண்ணே, உங்க செடி கடிக்கல. கடி வாங்குது."

போய்ப் பிடுங்கிப் பார்த்தேன். பழையபடி இஞ்சித் துண்டுகள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. முன்னால் ஒரு பயிற்சியில் பழக்கமான ஆராய்ச்சிக்கார அம்மா ஒருவருக்கு வயலில் நின்றே போன் போட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "மண்ணு சூடு என்ன இருக்கு?" என்பது.

பண்ணையில் மண்ணில் குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர் ஒன்று உண்டு. மறுநாள் கொண்டுபோய்க் குத்தினேன். முப்பத்திமூன்று காட்டியது. "மண்ணு இருபத்தெட்டு டிகிரியத் தாண்டிச்சுன்னா அந்த ஜீன் ஒழுங்கா வேலை செய்யாதுங்க. செடிக்குள்ளதான் இருக்கும், ஆனா புழுவத் தடுக்காது" என்றார் அந்த அம்மா. மதுரையில் வேர் இருக்கிற ஆழத்தில் மண் இருபத்தெட்டுக்குக் கீழே இருக்கிற மாதங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கார்த்திகை, மார்கழி, தை. நாங்கள் ஜெயித்தது ரகத்தால் இல்லை, மாதத்தால்.

ஒச்சம்மாவிடம் சொன்னேன். வரப்பில் உட்கார்ந்திருந்தார்.

"வெயிலுக்குத் தூங்குற வாச்மேன மதுரையில வேலைக்கு வச்சு என்னண்ணே பண்றது?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். அப்போது வரப்பில் ஒருவர் வந்தார். ஒச்சம்மாவின் கொழுந்தன் மாயாண்டி. ஒச்சம்மாவின் வீட்டுக்காரர் இறந்துவிட்டார். நிலம் அண்ணன் தம்பி இரண்டு பேர் பேரிலும் பொதுவில் கிடந்தது, பங்கு பிரிக்கவில்லை. இரண்டு பக்கத்து நிலத்திலும் ஏற்கனவே பிளாட் கல் ஊன்றியாகிவிட்டது. மஞ்சள் பெயின்ட் அடித்த கற்கள் நாங்கள் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தன.

மாயாண்டி கெட்டவர் இல்லை. செடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இவருதான் நாத்துக்காரரா? அண்ணே, நீங்க குடுத்த செடி நல்லாத்தான் இருந்துச்சு. எங்க மண்ணுதான் செத்துப்போச்சு. மதினி, நான் சொல்றேன்னு கோவப்படாத. புழு தின்ன மண்ண வச்சுக்கிட்டு என்ன செய்யப்போற? கல்லு ஊண்டிட்டா புழுவும் கிடையாது, மழையும் வேணாம்."

"கல்லு காய்க்குமா மாயாண்டி?"

"காய்க்காது. வாடவும் வாடாதுல்ல."

ஒச்சம்மா எழுந்து சேலையில் ஒட்டின மண்ணைத் தட்டிவிட்டு, "ஒரு வெள்ளாமை குடு. இன்னும் ஒண்ணே ஒண்ணு. அது வரலைன்னா நானே வந்து கையெழுத்துப் போடுறேன்" என்றார். மாயாண்டி என்னைச் சாட்சிக்குக் கூப்பிடுகிற மாதிரிப் பார்த்துவிட்டு, "சரி மதினி, ஒண்ணு" என்றார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்கு உட்காரவே பிடிக்கவில்லை. அந்த ஒரு வெள்ளாமை என் கையிலிருந்து போகப்போகிற நாற்று.

3. ஐசியு

ஆராய்ச்சிக்கார அம்மாதான் வழி சொன்னார். சுண்டைக்காய் வேரை நெமட்டோடு பெரிதாகச் சீண்டாது. வெயிலானாலும் அது மசியாது. சுண்டைக்காய்ச் செடியைக் கீழே வைத்து, தக்காளியை மேலே ஒட்டுக்கட்டினால் வேர் சுண்டையுடையது, காய் தக்காளியுடையது. ஒட்டு நாற்று. கிராஃப்டிங்.

எங்கள் பண்ணையில் அதுவரை மல்லிகையும் ரோஜாவும் கட்டியிருக்கிறோம், தக்காளி கட்டியதில்லை. சுண்டை விதை மெதுவாகத்தான் முளைக்கும், அதுவும் ஒரே சீராக முளைக்காது. அதனால் சுண்டையை முதலில் போட்டு, மூன்று வாரம் கழித்துத்தான் தக்காளி விதையைப் போட வேண்டும். இரண்டு தண்டும் ஒரே பருமனுக்கு வந்த அன்றைக்குப் பிளேடால் சுண்டையின் தலையை வெட்டி, நடுவில் பிளந்து, தக்காளித் தண்டை ஆப்பு மாதிரிச் சீவிச் செருகி, கிளிப் மாட்ட வேண்டும். பிறகு ஒரு வாரம் வெளிச்சம் குறைந்த, ஈரப்பதமான கூண்டுக்குள் வைக்க வேண்டும். வேலை செய்கிற பொம்பளைகள் அந்தக் கூண்டுக்கு ஐசியு என்று பேர் வைத்தார்கள். காலையில் வந்ததும், "ஐசியுவுல எத்தன போச்சு?" என்பதுதான் முதல் பேச்சு.

முதல் தடவை கட்டியதில் பெரும்பாலும் போய்விட்டது. முதலாளி போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் வீட்டுப் பாஷையில் பேசினார். திரும்பி வந்து, "இன்னொரு தடவ கட்டிப் பாப்போம்" என்றார். தறிக்காரக் குடும்பத்துக் கை அவருக்கு. இரண்டாவது தடவை அவரே உட்கார்ந்து கட்டினார். அவர் கட்டினதில் ஒன்றுகூடச் சாகவில்லை என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்வார். இரண்டு செத்தது எனக்குத் தெரியும்.

ஆவணியில் நாற்று தயாரானது. ஒச்சம்மாவின் வயலில் இருபது வரிசைக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு நானே போனேன். அவர் ஒரு நாற்றைக் கையில் எடுத்துக் கிளிப்பைத் தடவிப் பார்த்தார்.

"கீழ சுண்டக்கா, மேல தக்காளி. எங்க வீட்டுச் சம்பந்தம் மாதிரியில்ல இருக்கு. கசப்புல கொண்டுபோய் இனிப்பக் கட்டிவச்சது."

நட வந்த பொம்பளைகள் சிரித்தார்கள். நான் அதையும் லேபிளில் எழுதினேன். அப்புறம் எல்லாரையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னேன். "இந்தக் கிளிப்பு இருக்க இடம் மண்ணுல படக்கூடாது. தக்காளிய வழக்கமா கழுத்து வரைக்கும் புதைச்சு நடுவீகள்ல, இத அப்படி நடாதீக. கிளிப்பு மண்ணுக்கு மேல ரெண்டு விரக்கடை நிக்கணும்."

தக்காளித் தண்டு மண்ணில் பட்ட இடத்திலெல்லாம் வேர் விடும். அப்படி விட்டால் அது தக்காளியின் சொந்த வேர், புழுவுக்குப் பிடித்த வேர். இதையும் சொன்னேன். நட்டு முடிகிற வரைக்கும் வரிசை வரிசையாக நானே குனிந்து பார்த்தேன். இருபது வரிசையிலும் ஒரு கிளிப்கூட மண்ணில் படவில்லை. என் வேலையில் அம்புட்டுச் சுத்தமாக நான் எதையும் செய்ததில்லை.

4. பதினாலு வரிசை

புரட்டாசி முதல் வாரத்தில் போனேன். வெயில் குறையவே இல்லை. தெர்மாமீட்டர் முப்பத்தியொன்று காட்டியது. செடிகள் தொடை உயரத்துக்கு வந்து கருகருவென்று நின்றன. பூ எடுக்கிற நேரம். வரிசைக்கு இரண்டு பக்கமும் மம்பட்டியால் மண்ணை இழுத்துச் செடியின் காலுக்கு அணைத்து, கையால் தட்டி, கோடு போட்ட மாதிரிக் கரை கட்டியிருந்தார் ஒச்சம்மா. மண் அணைப்பது. தக்காளி போடுகிறவர்கள் முப்பது நாளில் உரம் வைத்துவிட்டுச் செய்கிற வேலை. அணைத்த செடி காற்றுக்குச் சாயாது, தண்டிலிருந்து புது வேர் விட்டுத் தெம்பாக நிற்கும். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. முப்பது நாள் ஆனால் கை தானாக மம்பட்டிக்குப் போகும்.

பதினாலு வரிசை அணைத்திருந்தார். மீதி ஆறு வரிசை அப்படியே கிடந்தது. ஒச்சம்மா துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். முகம் சிவந்திருந்தது.

"காய்ச்சல்ண்ணே. மூட்டுக்கு மூட்டு வலி. நாலு நாளா எந்திரிக்க முடியல. இந்த ஆறு வரிசையப் பாக்காதீக, வெக்கமா இருக்கு."

நான் பதினாலு வரிசையைப் பார்த்தேன். அழகாக இருந்தது. போட்டோ எடுத்தேன். முதலாளிக்கு அனுப்பினேன், அவர் உடனே ஸ்டேட்டஸில் வைத்தார். நான் ஒச்சம்மாவிடம் சொன்ன வார்த்தை எனக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது.

"இதுதான் தாயி வெள்ளாமை. உடம்பு சரியானதும் அந்த ஆறு வரிசையையும் அணைச்சுவிட்ரு."

இலையைப் பார்த்தேன். பூவைப் பார்த்தேன். கிளிப்பைத் தேடவில்லை. நடும்போது மண்ணில் படக்கூடாது என்று அம்புட்டுப் படித்துப் படித்துச் சொன்னவன், முப்பதாம் நாள் மண் வந்து அதை மூடும் என்று நினைத்தே பார்க்கவில்லை. நடுவது ஒரு வேலை, அணைப்பது வேறு வேலை என்று என் மண்டைக்குள் தனித்தனியாக இருந்தது. அவர் மண்டைக்குள்ளும் அப்படித்தான் இருந்திருக்கிறது. சொன்னபடியே நட்டார். வழக்கப்படியே அணைத்தார்.

ஐப்பசி பிறந்து ஒரு வாரம் இருக்கும். போனில் அவர் குரல் வித்தியாசமாக இருந்தது. கேலி ஒன்றும் இல்லை.

"அண்ணே, மத்தியானம் தல தொங்குது."

"சாயங்காலம் நிமிருதா?"

"நேத்து வரைக்கும் நிமிந்துச்சு."

5. தோண்டியது

நான் போனபோது மாயாண்டியும் அங்கே நின்றார். நான் நேராக வரிசைகளின் தலைமாட்டில் நடந்தேன். முதல் வரிசை வாடியிருந்தது. இரண்டாவது வாடியிருந்தது. பதினாலு வரை அப்படியே. பதினைந்தாவதில் காய் தொங்கியது. பதினாறு, பதினேழு, இருபது வரைக்கும் செடி பச்சையாக, காயைத் தாங்க முடியாமல் நின்றது. அந்த ஆறு வரிசையை யாரும் அணைக்கவில்லை. காய்ச்சல் அவரை விடவே இல்லை. களைகூட எடுக்கவில்லை.

எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் தெரிந்ததைக் கை நம்பவில்லை. உட்கார்ந்து ஏழாவது வரிசையில் ஒரு செடியின் காலைக் கையால் பறித்தேன். அரை ஜாண் ஆழத்தில் கிளிப் கிடந்தது. அதற்கு மேலே தக்காளித் தண்டிலிருந்து கற்றை கற்றையாக வேர். அம்புட்டும் முடிச்சு. தண்டைக் கீறினேன், உள்ளே பழுப்புக் கோடு, வாடல் நோய் ஏறிவிட்டது. இன்னும் ஆழமாகத் தோண்டினேன். கிளிப்புக்குக் கீழே சுண்டை வேர். கழுவி வைத்த மாதிரி இருந்தது.

தள்ளிப் போய் முதலாளிக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். "வாடல் நோய்ன்னு சொல்லிருங்க. அதுவும் உண்மைதான. மத்தத எதுக்குச் சொல்லணும், அந்தம்மா மனசு என்னாகும்?" என்றார். பண்ணைக்காகச் சொன்னாரா, ஒச்சம்மாவுக்காகச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இரண்டுக்காகவும் இருக்கலாம். திரும்பி நடந்து வருகிறபோது நானும் அப்படித்தான் சொல்வதாக இருந்தேன்.

ஒச்சம்மா தோண்டின குழிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். கிளிப்பைக் கையில் எடுத்து, மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இது மேலல்ல இருக்கணும்?"

நான் உட்கார்ந்தேன்.

"ஆமா தாயி."

"நா மேலதான நட்டேன். நீங்க பாத்தீகள்ல?"

"பாத்தேன். மேலதான் நட்ட."

அவர் கையை நீட்டிக் கரையைத் தொட்டார். அவரே கட்டின கரை. விரல் தடம் காய்ந்து அப்படியே இருந்தது. பிறகு திரும்பிப் பச்சையாக நின்ற ஆறு வரிசையைப் பார்த்தார். நான் ஒன்றும் விளக்கத் தேவையே இருக்கவில்லை. வேரைப் பிடுங்கிக்கொண்டு ஆரப்பாளையம் வழியாக வந்த மனுஷி அவர்.

"நா பாக்காத ஆறு வரிசை நிக்குது" என்றார். அப்புறம் மெதுவாக, "அந்த ஆறையும் அணைக்கச் சொன்னீகளேண்ணே" என்றார்.

திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. ஏதோ கணக்குப் புரியாத பிள்ளை வாத்தியாரைக் கேட்கிற மாதிரி நிஜமாகவே கேட்டார். வாயைத் தொழிலாக வைத்துப் பிழைத்தவன் நான். அன்றைக்கு வாயை விட்டுவிட்டு, அடுத்த செடியின் மண்ணைக் கையால் பறிக்க ஆரம்பித்தேன்.

இரண்டு நாள் அங்கேயே கிடந்தேன். இன்னும் முழுசாக வாடாத செடி பதினாலு வரிசையிலும் அங்கங்கே நின்றது. அதன் காலிலிருந்து மண்ணைப் பறித்து, தக்காளி வேரைப் பிளேடால் அரிந்து, கிளிப்பை வெளியே எடுத்தோம். நானும் அவரும் எதிர்எதிர் வரிசையில் குனிந்துகொண்டு. தான் அணைத்த மண்ணைத் தானே கலைத்துக்கொண்டு வந்தார். காய்ச்சல் விட்ட உடம்பு, மூட்டைப் பிடித்துப் பிடித்து எழுந்தார். மாயாண்டியும் இரண்டாம் நாள் வந்து எங்களோடு குனிந்தார். அதை நான் சொல்லியாக வேண்டும். நாங்கள் காப்பாற்றினது கடைசியில் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிட்டது. வாடல் ஏறினது ஏறினதுதான்.

ஆறு வரிசையும் கடைசிவரை காய்த்தது. ஒரு நாள் அந்தத் தக்காளியைப் பொறுக்கிக்கொண்டே ஒச்சம்மா கேட்டார், "மாயாண்டி, இருபதும் இப்படி வந்திருந்தா?"

மாயாண்டி கூடையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வந்திருந்தா நான் வாயத் தெறந்திருக்க மாட்டேன் மதினி."

"இன்னொரு தடவ போட்டா வரும். எப்படின்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு."

"இதத்தான் மதினி போன தடவையும் சொன்ன."

ஒச்சம்மா கையெழுத்துப் போட்டார். சொன்ன வாக்கு. நான் அந்தப் பத்திர ஆபீசுக்குப் போகவில்லை. போய் என்ன செய்ய?

6. பிடுங்கச் சொன்ன செடி

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கச்சிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஜீன் என்ன செய்யும், எந்தச் சூட்டில் செய்யாது, எந்த வேரைப் புழு தொடாது, இதெல்லாம் கேட்டால் சொல்ல ஆள் இருக்கிறது. புதுச் செடி ஒன்றை ஒருவர் கையில் கொடுக்கும்போது, அந்தக் கை பழைய செடிக்கு என்னவெல்லாம் செய்யும் என்று விதைப்பு முதல் பறிப்பு வரை ஒவ்வொரு நாளாகக் கேளுங்கள். வெளியில் நின்று பாராட்டுவதற்கு முன்னால் குனிந்து செடியின் காலைப் பாருங்கள். நான் கற்றது இவ்வளவுதான். கற்றுக்கொடுத்தவருக்கு இது ஒன்றுக்கும் உதவவில்லை.

நாங்கள் அதற்குப் பிறகு தக்காளி ஒட்டு கட்டவில்லை. கேட்டு வந்த ஒன்றிரண்டு பேரும் நிலத்தை விட்டுவிட்டார்கள். பண்ணையில் இப்போது பெரும்பாலும் குரோட்டன்ஸ், அரளி, லான் புல். புது வீடு கட்டுகிறவர்கள்தான் வாங்க வருகிறார்கள்.

அப்படித்தான் போன மாசம் ஒரு வீட்டுக்குப் புல் பதிக்கப் போனேன். விலாசத்தைப் படித்தபோது உறைக்கவில்லை. ஏதோ நகர் என்று புதுப் பேர். வேப்பமரத்தைப் பார்த்ததும்தான் தெரிந்தது. வீட்டுக்காரர் நல்ல மாதிரி, மோர் கொடுத்தார். பக்கத்தில் காலி பிளாட்டின் ஓரத்தைக் காட்டினார்.

"அண்ணே, இந்த முள்ளுச்செடியெல்லாம் தானா வருது. வெட்ட வெட்டத் துளுக்குது. வேரோட எடுத்துருங்க."

சுண்டைக்காய்ச் செடிகள். அங்கொன்றும் இங்கொன்றுமாக மார் உயரத்துக்கு நின்றன, கொத்துக் கொத்தாகக் காயோடு. மேலே கட்டின தக்காளி செத்துப்போக, கீழே இருந்தது துளிர்த்து எழுந்திருக்கிறது. யாரும் தண்ணீர் விடவில்லை, யாரும் மண் அணைக்கவில்லை. கடப்பாரை போட்டு ஒன்றைப் பெயர்த்தேன். அடித்தண்டில் ஒரு பழைய தழும்பு. வேரைத் தட்டி மண்ணை உதறினேன். இரண்டு முழ நீளம். ஒரு முடிச்சு இல்லை.

அதை மட்டும் குப்பையில் போட மனசு வரவில்லை. சாக்கில் சுற்றி வண்டியில் கட்டிக்கொண்டேன்.

ஒச்சம்மா இப்போது பழங்காநத்தத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். தெருமுனையில் ஒரு மெஸ்ஸில் காய் வெட்டுகிற வேலை. நான் போனபோது பின்கட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்து தக்காளி வெட்டிக்கொண்டிருந்தார். "வாங்கண்ணே" என்று சொல்லி, கையைத் துடைத்துக்கொண்டார். நான் சாக்கைப் பிரித்துக் காட்டினேன். எதற்குக் கொண்டுவந்தேன் என்று எனக்கே தெரியாது.

அவர் வேரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். நுனியிலிருந்து ஒவ்வொரு கிளையாக விரலை ஓட்டிப் பார்த்தார். அன்றைக்கு மஞ்சப்பையைக் கவிழ்த்துவிட்டுப் பார்த்த அதே பார்வை. தழும்பைக் கட்டைவிரலால் தடவினார்.

"வேரு நல்லாருக்குண்ணே" என்றார். அப்புறம், "இது எந்த வரிசை?" என்று கேட்டார்.

நான் யோசித்துப் பார்த்தேன். வேப்பமரம் எந்தப் பக்கம், போர்வெல் எங்கே இருந்தது, ரோடு எப்படிப் போகிறது என்று எல்லாவற்றையும் மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். பதினாலில் ஒன்றா, ஆறில் ஒன்றா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.